விதியா, விதியின்மையா?

ஒரு குழந்தை நீரில் மூழ்கி இறந்துவிட்டால் நம் நாட்டில் நடைபெறுவது யாது? கிராம அலுவலர் வருவார். பொலிசார் வருவர். திடீர் மரண விசாரணை அதிகாரி அமர்வார். வாய்விட்டு அழவும் வலுவற்றுப் போன தாயின் வாக்குமூலம் நான்கு வரிகளில் எழுதப்படும். தற்செயலாக நீரில் மூழ்கியமையால் நேர்ந்த மரணம் என்று முடிவு எழுதப்படும். சடலம் ஒப்படைக்கப்படும். முற்றத்தில் கூடிய அயலவர் பெருமூச்செறிந்து, "விதி" என்பர். அந்த நீர் யாருடையது, அதைச் சுற்றி வேலி இருந்ததா, வேலி இடவேண்டும் என்று எங்கேனும் எழுதப்பட்டுள்ளதா என்னும் மூன்று கேள்விகளும் கேட்கப்படாமலே அந்தக் கோவை மூடப்படும்.

விதி என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரு பொருள் உண்டு. ஒன்று நெற்றியில் எழுதப்பட்டதாகச் சொல்லப்படுவது. மற்றது வர்த்தமானியில் எழுதப்படுவது. இரண்டாவது விதியை எழுத வேண்டியவர்கள் எழுதாது விட்டுவிட்டு, முதலாவது விதியின்மேல் பழியைச் சுமத்துகின்றனர். புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் பெருகிவரும் வீட்டு நீச்சல் தடாகங்களைப் பற்றி எழுதப் புகுந்த நான் இந்த ஒரு குற்றச்சாட்டையே முன்வைக்கின்றேன்.

நீச்சல் தடாகமா, அது செல்வர் வீட்டுச் சங்கதி அல்லவா, வெங்காயத்துக்கு விலை இல்லாத காலத்தில் இதைப் பற்றி எழுதுவானேன் என்று கமக்காரர் ஒருவர் கேட்கக்கூடும். கேட்கட்டும். இறுதிவரை படித்தால், அந்தத் தடாகத்தின் ஓரத்தில் நிற்பது யாருடைய பிள்ளை என்பதை அவரே அறிவார்.

நமது கரையைச் சற்று எண்ணிப் பாருங்கள். தெற்கே வென்னப்புவ, மாரவில தொடக்கம் சிலாபம், உடப்பு, முந்தல் ஊடாக வடக்கே கற்பிட்டி முனைவரை மேற்குப் பக்கம் கடல். உள்ளே களப்பு. இடையே ஒல்லாந்தர் வெட்டிய கால்வாய். பாலாவிப் பக்கம் உப்பளங்கள். 1980களில் தோண்டத் தொடங்கி, 1996 அளவில் வெண்புள்ளி நோய் தாக்கியபின் கைவிடப்பட்டுக் கிடக்கும் இறால் பண்ணைக் குட்டைகள். கற்பிட்டித் தீபகற்பத்தின் மணற்றரையில் தோட்டந்தோறும் வெட்டப்பட்ட திறந்த கிணறுகள். இத்தனை நீருக்கும் நடுவே பிறந்து வளரும் பிள்ளைக்கு நீரின் இயல்பு ஓரளவு தெரியும். அலையின் இரைச்சல் அவனை எச்சரிக்கும். களப்பின் சேறு காலைப் பிடித்து நிறுத்தும். நீலக்கல் பதித்த தடாகமோ எச்சரிப்பதில்லை. கண்ணாடிபோல் அசைவற்றிருக்கும். அடித்தளம் தெளிவாகத் தெரிவதால் ஆழமில்லாததுபோல் தோன்றும். கரை சரிவாக இறங்காது, செங்குத்தாக வெட்டி நிற்கும். இரண்டு வயதுப் பிள்ளை அதனுள் விழுந்தால் கூக்குரல் எழாது. நீரில் மூழ்கும் சிறுகுழந்தை சத்தமிடுவதில்லை. அடுக்களையில் உலை கொதிக்கும் நேரத்துக்குள், சில நிமிடங்களில், எல்லாம் முடிந்துவிடும்.

இத்தகைய தடாகங்கள் ஒருகாலத்தில் மாரவிலப் பக்கத்துப் பெரிய உல்லாச விடுதிகளில் மாத்திரமே இருந்தன. இன்று அவ்வாறன்று. இத்தாலிக்குச் சென்று உழைத்தவர் வென்னப்புவச் சுற்றுவட்டாரத்தில் எழுப்பிய மாளிகைகள் சிலவற்றின் பின்வளவில் தடாகம் உண்டு. ஆலங்குடாவிலும் கற்பிட்டியிலும், பட்டத்தின் இழுவையில் நீர்மேல் சறுக்கி விளையாட வரும் வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விடப்படும் கடற்கரை வீடுகளில் தடாகம் உண்டு. உடைமையாளர் கொழும்பிலோ மிலானிலோ இருப்பார். ஆண்டில் சில கிழமைகள் வந்து தங்குவார். மற்றைய நாட்களெல்லாம் அந்த வளவில் வாழ்வோர் யார்? காவற்காரரும், கூட்டித் துடைக்கும் பெண்ணும், தோட்டம் பார்ப்பவரும், அவர்களுடைய பிள்ளைகளும்.

கட்டுரையின் உயிர்நிலை இதுவே. "எங்கள் வளவைச் சுற்றி ஆறடி மதில் இருக்கிறதே, வேறு வேலி எதற்கு?" என்பது உடைமையாளரின் விடை. மதில் யாரைத் தடுக்கிறது? தெருவில் செல்பவரைத் தடுக்கிறது. கள்வரைத் தடுக்கிறது. காவற்காரரின் பிள்ளை மதிலுக்கு வெளியே இல்லை. அது மதிலுக்கு உள்ளே, தடாகத்திலிருந்து இருபது அடி தூரத்தில், பின்கட்டு அறையின் வாசலில் தவழ்ந்துகொண்டிருக்கிறது. விருந்தினரின் பிள்ளையும் உள்ளேதான். உடைமையாளரின் பேரப்பிள்ளையும் உள்ளேதான்.

இது என் கற்பனை வாதமன்று. வீட்டுத் தடாகங்களில் நேர்ந்த குழந்தை மரணங்களைப் பற்றிப் பல நாடுகளில் நடத்திய ஆய்வுகளைத் தொகுத்து 1998 இல் வெளியிட்டனர் மருத்துவ ஆய்வாளர். வேலியிட்ட தடாகத்தில் ஆபத்து, வேலியற்ற தடாகத்தின் ஆபத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே என்று அதில் கண்டனர். அத்துடன் நில்லாது, வளவைச் சுற்றிய வேலியையும் தடாகத்தை மட்டும் நாற்புறமும் சூழ்ந்த வேலியையும் ஒப்பிட்டு, காப்பது பின்னதே என்றும் நிறுவினர். காரணம் வெளிப்படை. சிறுகுழந்தை வீதியிலிருந்து வருவதில்லை, வீட்டிலிருந்தே வருகிறது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். நம் சட்டப் புத்தகத்தில் வேலி என்னும் சொல்லே இல்லையென்று எவரும் எண்ண வேண்டாம். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 98 ஆம் பிரிவு, பொதுமக்களுக்கு ஆபத்து நேராவண்ணம் குளத்துக்கோ கிணற்றுக்கோ குழிக்கோ வேலி இடுமாறு கட்டளையிடும் அதிகாரத்தை நீதவானுக்கு வழங்குகிறது. வெள்ளையர் காலத்துக் கோவையின் வாசகம் அது. ஆனால் எந்தக் குழிக்கு? பொதுவழியையோ பொது இடத்தையோ அடுத்திருக்கும் குழிக்கு. அந்த ஓரிரு சொற்களே நம்மைக் கைவிடுகின்றன. தெருவோரக் கிணற்றுக்கு நீதவானின் கை நீளும். மதிலுக்குள் இருக்கும் தடாகத்துக்கு அது எட்டாது. மாட்டுவண்டி ஓட்டுபவன் இருளில் குழியில் விழாதிருக்க எழுதப்பட்ட சட்டம் அது. பின்வளவில் தவழும் குழந்தையை அதை எழுதியவர் நினைத்துப் பார்க்கவில்லை.

கட்டட அனுமதி இருக்கிறதே என்பர். இருக்கிறது. 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும், 1978 ஆம் ஆண்டின் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமும், கடற்கரையிலிருந்து 300 மீற்றர் எல்லைக்குள் கட்டுவோர் அனுமதி பெறவேண்டுமென்னும் 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கின்றன. எத்தனை கையொப்பங்கள், எத்தனை முத்திரைகள்! கடலிலிருந்து எத்தனை மீற்றர், வீதியின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை அடி, மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்றெல்லாம் அளந்து பார்க்கின்றனர். மிக நன்று. ஆனால் நான் கேட்பது வேறு. கற்பிட்டி, சிலாபம், வென்னப்புவ, ஆராய்ச்சிக்கட்டுவ ஆகிய பிரதேச சபைகளைக் கேட்கின்றேன். வீட்டுத் தடாகத்துக்கு இத்தனை உயரத்தில், இன்ன வகைப் படலையுடன் வேலி இடவேண்டும் என்று கூறும் உங்கள் துணைவிதி எது? அதன் இலக்கம் யாது? எந்தத் திகதி வர்த்தமானியில் அது வெளியாயிற்று? இருந்தால் அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். இல்லையேல் எழுதுங்கள்.

பிள்ளை இறந்தபின் வழக்குத் தொடரலாமே என்று கூறுவாரும் உளர். வழக்கறிஞனாகிய எனக்கே அவர்கள் வழக்கைக் காட்டுகின்றனர்! கவனயீனத்தால் மரணம் விளைவித்தவருக்குத் தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவின்படி ஐந்தாண்டுவரை சிறை உண்டு என்பது மெய். ஆயின் எது கவனம், எது கவனயீனம் என்று அளக்கும் கோல் எழுத்தில் இல்லாதவிடத்து, உடைமையாளரின் சட்டத்தரணி எழுந்து, "என் கட்சிக்காரர் எந்த விதியை மீறினார்?" என்று ஒரே கேள்வி கேட்டு அமர்ந்துவிடுவார். சிவில் வழக்கின் கதையோ இதனினும் கசப்பானது. கவனயீனத்தால் இறந்த பிள்ளையின் பெற்றோர், பிள்ளையின் அன்பையும் துணையையும் இழந்தமைக்கு உரோம டச்சுச் சட்டத்தின்கீழ் நட்டஈடு கேட்க முடியாதென்று 2001 ஆம் ஆண்டில் ஒரு மருத்துவ வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. உழைத்துக் கொடுக்கும் மகன் இறந்தால் இழப்புக் கணக்குண்டு. மழலை பேசும் மகள் இறந்தால் ஈமச் செலவுக்கு அப்பால் கணக்கில்லை! அந்தக் குறையை நிவர்த்திக்கவே 2019 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. வரவேற்கிறோம். ஆனால் அந்தச் சட்டமும் பிறர் தவறினால் மரணம் நேர்ந்தது என்று காட்டுமாறு கேட்கிறது. நாட்கூலி பெறும் காவற்காரர், தமக்குக் கூரை தந்தவருக்கு எதிராக மாவட்ட நீதிமன்றப் படி ஏறி அதைக் காட்டுவாரா? எழுதப்பட்ட துணைவிதி ஒன்றிருந்தால், அதை மீறியமையே முதற்சான்றாக நிற்கும். அதனினும் மேலாக, அந்த வழக்குக்கே இடமில்லாது போகலாம்.

என் காணி, என் தடாகம், வேலி இடுவதும் விடுவதும் என் உரிமை என்பவருக்கு ஒரு சொல். வேலியைப் பற்றி நம்மவருக்கு யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. எல்லையில் ஒரு கதியாலை அரை அடி தள்ளி நட்டுவிட்டான் என்று அண்ணனும் தம்பியும் பத்தாண்டு வழக்காடுவதைப் பார்த்தவன் நான். உண்மையைச் சொன்னால், என்னைப் போன்றோரின் அடுப்பு எரிவதில் அந்தக் கதியால்களுக்கும் பங்குண்டு. மண்ணைக் காக்க இவ்வளவு பாடுபட்டு வேலி இடுகிறவர்கள், மகவைக் காக்க ஒரு வேலி இடுங்கள் என்றால் மட்டும் உரிமை பேசுவது என்ன நியாயம்?

பெற்றோர் கவனிக்க வேண்டும் என்பர் வேறு சிலர். கவனிக்கத்தான் வேண்டும். எந்தத் தாய் கவனிக்காதிருக்கிறாள்? ஆனால் உடைமையாளரின் துணியைத் துவைக்கவும் விருந்தினரின் மேசையைத் துடைக்கவும் கூலி கொடுத்துவிட்டு, அதே நேரத்தில் தன் பிள்ளையையும் கண்ணிமைக்காது பார்த்திரு என்று அவளிடம் சொல்வது கொடுமையன்றோ? கண் அயரும் அந்தச் சில நிமிடங்களுக்காகவே வேலி. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2021 ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் நான்கில் ஒரு பங்கினர் அளவில் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள். அவர்களுடைய தாய்மார் எல்லோரும் பொறுப்பற்றவர்களா? அதே நிறுவனம் பரிந்துரைக்கும் தடுப்பு முறைகளில் நீரை அணுகவிடாத தடை ஒன்றாகும். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2021 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றி, யூலை 25 ஆம் நாளை நீரில் மூழ்குதலைத் தடுக்கும் உலக நாளாக்கியது. நம் சபைகளில் அந்த நாள் எவ்வாறு கழிகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வேலி வைத்தால் அழகு கெடும், உல்லாசப் பயணிகள் வரமாட்டார்கள் என்னும் வாதமே எனக்குச் சிரிப்பை மூட்டுவது. உலகில் மிக அதிகமான பயணிகள் செல்லும் நாடு பிரான்ஸ். அந்த நாடு 2003 ஆம் ஆண்டு சனவரியில் சட்டம் இயற்றி, நிலத்தில் அமைந்த வீட்டுத் தடாகங்களுக்கு வேலி, மூடி, அடைத்த கூரை, அபாய ஒலிக்கருவி ஆகிய நான்கில் ஒன்றேனும் இருக்கவேண்டும் என்று கட்டாயமாக்கியது. பயணிகள் ஓடிவிட்டார்களா? நியூசிலாந்து 1987 இலேயே தடாக வேலிக்கெனத் தனிச்சட்டம் செய்தது. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1992 முதல் நீச்சல் தடாகச் சட்டம் உண்டு. சிட்னியில் குடியேறிய நம் உறவினரைக் கேளுங்கள், விவரமாகச் சொல்வார்கள். வேலியின் உயரம் 1.2 மீற்றருக்குக் குறையலாகாது. கம்பிகளின் இடைவெளி 10 சென்ரிமீற்றருக்கு மேற்படலாகாது. படலை தடாகத்துக்கு எதிர்ப்புறமாகத் திறந்து, விட்டவுடன் தானே சாத்திக்கொண்டு தானே கொழுவிக்கொள்ள வேண்டும். கொழுக்கி குழந்தையின் கைக்கு எட்டலாகாது. ஏறுவதற்கு உதவும் கதிரையோ பூந்தொட்டியோ வேலியருகே இருக்கலாகாது. இதில் நம் கொல்லனும் ஒட்டுவேலைக்காரரும் செய்யமுடியாத வித்தை எது? ஒன்று மட்டும் சொல்வேன். நம் கிடுகு வேலி இதற்கு உதவாது. அது பார்வையை மறைக்கும். தடாகத்து வேலி உள்ளே இருப்பது வெளியே தெரியும்படி அமையவேண்டும்.

இப்போது கமக்காரரின் அச்சத்துக்கு வருகிறேன். அது நியாயமான அச்சம். இன்று பணக்காரன் தடாகத்துக்கு வேலி என்று தொடங்குவார்கள், நாளை மிளகாய்த் தோட்டத்துக் கிணற்றுக்குக் கட்டு இல்லை என்று நம்மீது வழக்கு வைப்பார்கள் என்று ஏத்தாளையிலும் நுரைச்சோலையிலும் பேசிக்கொள்ளக்கூடும். சட்டம் எப்போதும் எளியவன் வாசலுக்கு முதலில் வந்து பழகியது. ஆகையால் வெளிப்படையாகச் சொல்கின்றேன். தோட்டக் கிணறு வேறு, தடாகம் வேறு. கிணறு வயிற்றுக்கு. தடாகம் களிப்புக்கு. தடாகம் கட்டப் பல இலட்சம் ரூபா செலவிட்டவர் அதற்கு வேலி இடப் பணமில்லை என்று சொல்ல முடியாது. எனவே அவருக்குக் கட்டளையும் தண்டமும் பொருந்தும். தோட்டக் கிணற்றுக்குக் கட்டு எழுப்பவும் கம்பிவலை மூடி இடவும் கமக்காரருக்கு மானியம் கொடுக்கவேண்டும். கிணறு வெட்ட மானியம் கொடுக்கத் தெரிந்த அரசுக்குக் கிணற்றை மூட மானியம் கொடுப்பது புதிய வித்தையன்று. மானியம் கைக்கு வரும்வரை தண்டம் கூடாது. ஆயினும், மானியம் வரும்வரை நம் பிள்ளைகள் காத்திருக்கமாட்டார்கள். நான்கு கதியாலும் ஒரு முள்வேலியும் நாளைக் காலையிலேயே போடக்கூடியவை. கைவிட்ட இறால் குட்டைகளை யார் மூடுவது என்பது பெரிய வழக்கு. அது தனிக் கட்டுரைக்குரியது.

விதி எழுதினால் மட்டும் போதுமா? போதாது. தமிழகத்தில் நடந்ததைப் பாருங்கள். கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளில் குழந்தைகள் வீழ்ந்து மாண்டமையால் 2010 இல் இந்திய உச்ச நீதிமன்றம் கட்டளைகள் பிறப்பித்தது. 2015 இல் தமிழ்நாட்டு அரசு ஊராட்சிகளுக்கு விதிகளும் வகுத்தது. எழுத்தில் எல்லாம் இருந்தன. 2019 ஒக்டோபர் 25 ஆம் நாள் மணப்பாறைக்கு அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை மூடப்படாத ஆழ்துளைக் கிணற்றில் வீழ்ந்தது. தமிழுலகமே நான்கு நாள் உறங்காது பார்த்திருந்தது. 29 ஆம் நாள் சடலமே மீட்கப்பட்டது. விதியை எழுதியவர், அதை ஊரூராகச் சென்று பார்ப்பவர் யார், பாராதுவிட்டால் பொறுப்பு யாருக்கு என்பதை நடைமுறையில் உறுதிசெய்யாமையின் விளைவு அது.

ஆகவே நம் துணைவிதி வெறும் உயரக் கணக்காக இருக்கலாகாது. தடாகத்துக்கு வேலி முடிந்த பின்னரே இணக்கச் சான்றிதழ் வழங்கப்பட வேண்டும். வேலி முடியுமுன் தடாகத்தில் நீர் நிரப்பலாகாது. ஏற்கெனவே உள்ள தடாகங்களுக்கு ஆறு மாத அவகாசம் போதும். வாடகைக்கு விடப்படும் வீடுகளை ஆண்டுதோறும் சபையின் தொழினுட்ப உத்தியோகத்தர் நேரிற் சென்று பார்த்து, பார்த்த திகதியைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அந்தப் பதிவேடு பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்க வேண்டும். எச்சரிக்கைப் பலகை தமிழிலும் சிங்களத்திலும் இருக்கவேண்டும். தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பு 1987, 1988 ஆம் ஆண்டுத் திருத்தங்களின் பின் சொல்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் ஆழம் எழுதிய பலகை வெள்ளைக்காரருக்காக வைத்த பலகை. நீர் இனம் பார்ப்பதில்லை. உடப்புத் தமிழ்ப் பிள்ளையும், 1990 இல் வடக்கிலிருந்து துரத்தப்பட்டு இங்கு வந்த முஸ்லிம் குடும்பத்தின் பேரப்பிள்ளையும், மாரவிலச் சிங்களப் பிள்ளையும் ஒரே நீரில் ஒரே விதமாகத்தான் மூழ்குவர்.

அதிகாரமில்லை என்று சபைகள் கைவிரிக்க முடியாது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் துணைவிதி ஆக்கும் அதிகாரத்தைச் சபைகளுக்கே கொடுத்திருக்கிறது. சபைகள் 2023 மார்ச்சில் கலைந்தபின் ஈராண்டுக்கு மேல் உத்தியோகத்தர் ஆட்சி. அப்போது கேட்க ஆளில்லை என்றார்கள். 2025 மே 6 ஆம் நாள் தேர்தல் நடந்தது. வாக்குக் கேட்டு நம் படலையைத் திறந்து உள்ளே வந்தவர்கள் இப்போது ஆசனத்தில் இருக்கிறார்கள். மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அங்கே அங்கீகாரம் பெறுவது கடினம் என்று சாக்குச் சொல்வோருக்கு ஒன்று நினைவூட்டுவேன். 1990 இல் தனக்கெனச் சுற்றாடல் நியதிச்சட்டம் ஆக்கித் தனி அதிகாரசபை அமைத்தது இதே வடமேல் மாகாணம். மனமிருந்தபோது வழியிருந்தது.

வாசகர்களிடம் நான் கேட்பது சிறிய வேலை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் உங்கள் பிரதேச சபையின் தகவல் உத்தியோகத்தருக்கு ஒரு விண்ணப்பம் கொடுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். கடந்த ஐந்தாண்டில் சபை எல்லைக்குள் எத்தனை நீச்சல் தடாகங்களுக்கு அனுமதி வழங்கப்பட்டது, அவற்றுள் எத்தனை நேரிற் பார்வையிடப்பட்டன, வேலி பற்றி விதிக்கப்பட்ட நிபந்தனை யாது, அந்த நிபந்தனையின் பிரதி ஒன்று தருக என்று நான்கு கேள்விகள் போதும். சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள். கையளித்த திகதியுடன் பற்றுச்சீட்டுப் பெற மறவாதீர்கள். முடிவைத் தெரிவிக்கச் சட்டம் கொடுக்கும் அவகாசம் பதினான்கு வேலை நாட்கள். வரும் விடைகளை இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். விடை தராத சபையின் பெயரையும் அனுப்புங்கள்.